மருத்துவர் காஷேயின் உருவப்படம் (1890): மனநிலையும் குறியீடும்

ஆய்வுச் சுருக்கம்

வின்சென்ட் வான்கோ 1890 ஜூன் மாதத்தில் தீட்டிய மருத்துவர் காஷேயின் உருவப்படம், நவீன ஓவியத்தில் துயரத்தின் முகமாக எடுத்துக்காட்டப்பட்டு வருகிறது. அத்துயரத்தை அடுத்த மாதம் நிகழ்ந்த ஓவியரின் இறப்புக்கு முன்னறிவிப்பாகக் கொள்ளும் வாசிப்பும் பரவலாக உள்ளது. இக்கட்டுரை படத்தில் உள்ள உடல்நிலை, நூல்கள், மலர், நிறம் ஆகியவற்றை ஓவியரின் கடிதங்களோடும் முந்தைய ஓவியங்களோடும் ஒப்பிடுகிறது. படத்தின் துயரம் ஒரு தனிமனிதரின் முடிவைச் சுட்டுவதன்று. ஒரு காலத்தின் மனநிலையைச் சமயக் கதை மாந்தரின்றிச் சமகால முகத்தில் காட்டும் முயற்சி என்பது இக்கட்டுரையின் கருத்து.

முன்னுரை

உருவப்படத்தில் மனநிலையைக் கண்டறிவது எளிது போலத் தோன்றும். முகம் வாடியிருந்தால் துயரம் என்கிறோம். உதடு விரிந்திருந்தால் மகிழ்ச்சி என்கிறோம். ஆனால் படத்தில் நாம் காணும் உணர்வு யாருடையது என்னும் வினா எழும்போது இவ்வெளிமை மறைந்துவிடுகிறது. அது அமர்ந்திருப்பவரின் உணர்வா, வரைந்தவரின் உணர்வா, பின்னர் நிகழ்ந்தவற்றை அறிந்து பார்க்கும் நம்முடைய உணர்வா? இம்மூன்றையும் பிரித்தறியாத வாசிப்பு, படத்தைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக்கொண்டு வாழ்க்கை வரலாற்றையே திரும்பச் சொல்லிவிடுகிறது.

இச்சிக்கலுக்கு மருத்துவர் காஷேயின் உருவப்படம் தக்க சான்றாகும். இதனை வரைந்தவர் படத்தைப் பற்றித் தம் கைப்பட எழுதியுள்ளார். படத்தில் உள்ள பொருள்கள் சிலவே. அவை அடையாளம் காணத்தக்கவை. எனினும் இப்படத்தைப் பற்றிய விளக்கங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அம்முரண்பாட்டின் வேரைக் காண்பதே இங்கு நோக்கம்.

படம் உருவான சூழல்

தென்பிரான்சின் சான்-ரெமி மனநல விடுதியில் ஓராண்டு தங்கியிருந்த வான்கோ, 1890 மே 20 அன்று பாரிசுக்கு வடக்கே உள்ள ஓவேர்-சுர்-உவாஸ் என்னும் சிற்றூருக்கு வந்தார். அவ்வூரில் வாழ்ந்த மருத்துவர் பால்-ஃபெர்தினான் காஷேயின் கண்காணிப்பில் அவர் இருக்கட்டும் என்று ஓவியர் பிசாரோ, வான்கோவின் தம்பி தியோவுக்குப் பரிந்துரைத்திருந்தார்.

காஷே 1828இல் லீல் நகரில் பிறந்தவர். 1858இல் மோன்பெலியே பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த மருத்துவ ஆய்வேட்டின் பொருள் ‘மெலங்கோலி’ எனப்படும் மனச்சோர்வு ஆகும். ஓமியோபதியில் ஈடுபாடு கொண்ட அவர், செசான், பிசாரோ, கியோமான் ஆகியோரின் நண்பர். அவர்களின் படைப்புகளைச் சேகரித்தவர். ‘பால் வான் ரிசெல்’ என்னும் புனைபெயரில் தாமும் படங்களை வரைந்தவர். வான்கோ செய்த ஒரே அமிலச் செதுக்கு அச்சோவியம், புகைக்குழாயுடன் இருக்கும் காஷேயின் உருவமே. அது காஷேயின் வீட்டு அச்சுப்பொறியில் உருவானது.

முதற்சந்திப்பிலேயே காஷேயைச் சற்று விந்தையானவராகவும், தம்மைப் போலவே நரம்புத் தளர்ச்சியோடு போராடுபவராகவும் வான்கோ கண்டார். ஜூன் தொடக்கத்தில் தங்கை வில்லுக்கு எழுதிய கடிதத்தில், உடலாலும் உள்ளத்தாலும் தம்மை ஒத்த புதிய உடன்பிறப்பைப் போன்ற நண்பர் கிடைத்திருப்பதாகக் குறிப்பிட்டார். இவ்விரு குறிப்புகளும் படத்தின் பின்னணியில் இருப்பவை. வரையப்படுபவர் நோயாளியின் மருத்துவர். அதே வேளையில் நோயாளியின் சாயல் கொண்டவர்.

கண்ணுக்குப் புலப்படுபவை

கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்ட முதற்படத்தின் அளவு ஏறத்தாழ 67 × 56 செ.மீ. காஷே சிவந்த மேசையின்மீது முழங்கையை ஊன்றி, மடக்கிய கையில் கன்னத்தைச் சாய்த்திருக்கிறார். தலையில் வெண்ணிறத் தொப்பி. உடலில் ஆழ்ந்த நீலநிற மேற்சட்டை. மேசையில் மஞ்சள் அட்டையுடைய இரு நூல்களும், கண்ணாடிக் குவளையில் ஃபாக்ஸ்குளோவ் செடியின் ஊதா மலர்க்கிளைகளும் உள்ளன. பின்புலத்தில் நீல மலைத்தொடரின் அலைக்கோடு தெரிகிறது. அவருடைய கண்கள் பார்வையாளரை நோக்கவில்லை. எதையும் குறிப்பாக நோக்கவில்லை என்பதே பொருந்தும்.

வில்லுக்கு எழுதிய கடிதத்தில் வான்கோ இப்படத்தின் நிறங்களை ஒவ்வொன்றாகக் கூறுகிறார். முகம் வெயிலில் காய்ந்து, சூடேறிய செங்கல்லின் நிறத்தில் உள்ளது. கைகளோ மகப்பேறு மருத்துவரின் கைகளைப் போல முகத்தினும் வெளிறியவை என்கிறார். இந்நுண்குறிப்பு கருதத்தக்கது. வெயிலில் திரியும் ஊர்ப்புற மனிதரின் முகமும், உள்ளறையில் பிணி தீர்க்கும் தொழிலாளியின் கைகளும் ஒரே உடலில் சேர்ந்துள்ளன. தொழிலை உணர்த்த மருத்துவக் கருவி எதனையும் வான்கோ வரையவில்லை. தோலின் நிறவேறுபாடே அப்பணியைச் செய்கிறது.

நிற அமைப்பிலும் ஒரு திட்டம் தெரிகிறது. சட்டையின் நீலமும் பின்புலத்தின் நீலமும் நெருங்கியவை. எனவே உடல் தன் சூழலில் அமிழ்ந்துவிடுவது போல் உள்ளது. மேசையின் சிவப்பும் நூல்களின் மஞ்சளும் அந்நீலத்திற்கு எதிராக நின்று, அதன் குளிர்ச்சியை மிகுவிக்கின்றன. இவ்வமைப்புக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1889 செப்டம்பரில் வான்கோ தீட்டிய, சுழலும் நீலப் பின்புலம் கொண்ட தன்னுருவப்படத்தைக் கண்டு பெரிதும் ஈர்க்கப்பட்ட காஷே, அதைப் போலவே தம்மையும் வரையுமாறு கேட்டார். ஆகவே இப்படம் ஓவியரின் தன்னுருவப்படத்தின் அச்சில் வார்க்கப்பட்டது எனலாம். அமர்ந்திருப்பவர் காஷே, அமைப்பு வான்கோ தம் முகத்துக்கெனக் கண்டது. படத்தின் மனநிலை இருவருக்கும் பொதுவாகத் தோன்றுவதற்கு இதுவே உருவ அளவிலான காரணம்.

கன்னத்தில் ஊன்றிய கை

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைத் தமிழ் இலக்கணம் மெய்ப்பாடு என்னும். ஐரோப்பிய ஓவிய மரபில் கன்னத்தில் ஊன்றிய கை, மனச்சோர்வுக்குரிய நிலைபெற்ற மெய்ப்பாடாகும். 1514இல் டியூரர் உருவாக்கிய ‘மெலங்கோலியா’ என்னும் செதுக்கோவியத்தில் சிறகுடைய பெண் இவ்வாறே அமர்ந்திருக்கிறாள். அங்கு அந்நிலை சிந்தனை, செயலின்மை, துயரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே சுட்டுகிறது.

வான்கோ இம்மரபை டெலக்ருவாவின் வழியாகவும் அறிந்திருந்தார். மனநல விடுதியில் அடைக்கப்பட்ட கவிஞர் டாசோவை டெலக்ருவா தீட்டிய படத்தை, மனிதரின் உள்ளத்தைக் காட்டும் உருவப்படத்துக்கு எடுத்துக்காட்டாக 1888இலேயே அவர் குறிப்பிட்டுள்ளார். மேலும், ஆர்ல் நகரில் தாம் வரைந்த திருமதி ஜினூவின் உருவப்படங்களிலும் மேசை, நூல்கள், கையில் சாய்ந்த தலை என்னும் இதே அமைப்பை அவர் பயன்படுத்தியிருந்தார். ஆகவே இந்நிலை காஷேயின் வழக்கமான உட்காரும் முறையைப் பதிவு செய்ததன்று; ஓவியர் தேர்ந்தெடுத்த மரபுக் குறியாகும்.

மரபை ஏற்றவர் அதனை மாற்றியும் உள்ளார். டியூரரின் பெண் உருவகம். டாசோ வரலாற்றுக் கவிஞர். காஷேயோ ஊரில் எவரும் காணக்கூடிய முதிய மருத்துவர். மனச்சோர்வைப் பற்றி ஆய்வேடு எழுதியவர் அந்நோயின் உடல்நிலையிலேயே அமர்ந்திருப்பது பொருள்செறிந்த முரணாகும். எனினும் அவ்வாய்வேட்டை வான்கோ படித்தார் என்று கொள்ளக் கடிதங்கள் இடம் தரவில்லை. எனவே அம்முரணை ஓவியரின் திட்டமாகக் கொள்ளாமல், வரலாறு நமக்குக் காட்டும் பொருத்தமாகக் கொள்வதே முறை.

மஞ்சள் நூல்கள்

மேசைமீது உள்ள நூல்களின் பெயர்கள் படத்திலேயே எழுதப்பட்டுள்ளன. அவை கோன்கூர் சகோதரர்களான எட்மோனும் ஜூலும் எழுதிய ‘ஜெர்மினி லாசெர்தே’ (1865), ‘மனெத் சலமோன்’ (1867) என்னும் புதினங்கள். முன்னது பணிப்பெண் ஒருத்தியின் மறைவான இரட்டை வாழ்வையும் சிதைவையும் மருத்துவர் நோயை ஆய்வது போன்ற நோக்கில் சொல்கிறது. பின்னது பாரிஸ் ஓவியர்களின் வாழ்வைப் பேசுகிறது. ஒன்று நோய், மற்றொன்று கலை. காஷேயின் இரு ஈடுபாடுகளும் இவற்றில் அடங்குவதால், நூல்களை அவருடைய பண்பின் குறியீடாகக் கொள்வது வழக்கம்.

இவ்விளக்கம் தவறன்று, முழுமையும் அன்று. ‘ஜெர்மினி லாசெர்தே’ வான்கோவின் ஓவியத்தில் முதன்முறையாக இங்கு வரவில்லை. 1887இல் பாரிசில் அவர் தீட்டிய, சுண்ணச் சிலையும் ரோஜாவும் உள்ள அசையாப்பொருள் ஓவியத்திலும் இந்நூல் உண்டு. அதற்கும் முன்னர், தந்தை இறந்த 1885ஆம் ஆண்டில், விரித்த பெரிய விவிலியத்தின் அருகே ஸோலாவின் சிறிய மஞ்சள் புதினத்தை வைத்து வரைந்தார். அப்படத்தில் விவிலியம் போதகரான தந்தையின் உலகம். மஞ்சள் நூல் மகனின் உலகம். மலிவான மஞ்சள் அட்டையில் பாரிசில் வெளிவந்த புதினங்கள் அவருக்கு நவீன காலத்தின் அடையாளமாயின.

இத்தொடர்ச்சியை நோக்கும்போது, காஷேயின் மேசையில் உள்ள நூல்கள் காஷேயைக் காட்டிலும் அவர் வாழும் காலத்தையே சுட்டுகின்றன எனத் துணியலாம். முதியவரின் முன்னே இருப்பது சமய நூலன்று. துன்பத்தை ஆறுதலின்றி விவரிக்கும் சமகாலப் புனைவு. அது மூடியிருக்கிறது, அவர் அதைப் படிக்கவில்லை. படித்து முடித்தபின் எஞ்சிய மனநிலை முகத்தில் உள்ளது.

ஊதா மலர்

ஃபாக்ஸ்குளோவ் செடியிலிருந்து பெறப்படுவது டிஜிட்டாலிஸ் என்னும் மருந்து. நீர்க்கோவை நோய்க்கு அதன் பயனை இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் 1785இல் நூலாக வெளியிட்டபின், அது இதயநோய் மருந்தாக நிலைபெற்றது. அளவு மிகுந்தால் அது நஞ்சு. மருத்துவரின் படத்தில் இம்மலர் தொழிலின் குறியாக இடம்பெற்றுள்ளது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு அதற்கு அப்பால் தொடங்குகிறது. டிஜிட்டாலிஸ் நஞ்சேறினால் பார்வையில் மஞ்சள் படரும். இதனைக் கொண்டு, காஷே அம்மருந்தை வான்கோவுக்குக் கொடுத்திருக்கலாம் என்றும், அவருடைய ஓவியங்களின் மஞ்சள் மிகுதிக்கு அது காரணமாகலாம் என்றும் தாமஸ் கோர்ட்னி லீ 1981இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கருதுகோளை முன்வைத்தார். இக்கருதுகோள் பெரிதும் பரவியது. ஆனால் வான்கோவின் மஞ்சள் 1888இல் ஆர்லில் தீட்டிய சூரியகாந்திகளிலேயே உச்சம் கண்டது. அப்போது அவர் காஷேயைச் சந்திக்கவில்லை. ஓவேரில் அவருக்கு டிஜிட்டாலிஸ் கொடுக்கப்பட்டதற்குச் சான்றும் இல்லை. கடிதம் சொல்வது ஒன்றே: நோயை நினையாமல் துணிந்து வேலை செய்யுமாறு காஷே அறிவுறுத்தினார்.

இங்கு ஒரு முறையியல் பாடம் உள்ளது. படத்தில் உள்ள குறியீட்டை வாழ்வில் நிகழ்ந்த செயலுக்குச் சான்றாகக் கொள்வது பிழை. மலர் படத்தில் இருக்கிறது என்பதால் மருந்து உடலில் சென்றது என்று ஆகாது. அதேபோல், முகத்தில் துயரம் இருக்கிறது என்பதால் சாவு மனத்தில் இருந்தது என்றும் ஆகாது. குறியீடு பொருளை உணர்த்தும், நிகழ்ச்சியை மெய்ப்பிக்காது.

இரண்டாம் படம்

காஷேயின் குடும்பத்திடம் இருந்த மற்றொரு படத்தை அவருடைய பிள்ளைகள் 1949இல் பிரெஞ்சு அரசுக்கு வழங்கினர். அது இப்போது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் நூல்கள் இல்லை. கண்ணாடிக் குவளையும் இல்லை. ஃபாக்ஸ்குளோவ் மட்டும் கைக்கருகில் மேசைமீது கிடக்கிறது. இப்படம் வான்கோவின் கைவண்ணமா என்னும் ஐயமும் எழுந்தது. 1999இல் பாரிசிலும் நியூயார்க்கிலும் நடைபெற்ற காஷே சேகரிப்புக் கண்காட்சி அவ்வினாவைப் பொதுவெளியில் விவாதத்துக்கு உட்படுத்தியது.

இரு படங்களையும் ஒப்பிடுவது குறியீட்டின் பணியைத் தெளிவாக்குகிறது. நூல்கள் நீங்கியதும் படத்தில் எஞ்சுபவை மருத்துவரும் மருந்துச்செடியும் மட்டுமே. துயரம் அப்படியே உள்ளது. ஆனால் அது ஒருவரின் துயரமாகச் சுருங்கிவிடுகிறது. காலத்தைச் சுட்டும் பொருள் இல்லாததால், காலத்தின் மனநிலை என்னும் விரிவு அங்கு இல்லை.

காலத்தின் முகம்

வான்கோ தம் படத்தின் மனநிலையை இருவேறு கடிதங்களில் விளக்கியுள்ளார். ஜூன் நடுவில் வில்லுக்கு எழுதும்போது, பார்ப்பவர்க்கு முகச்சுளிப்பாகத் தோன்றக்கூடிய சோர்வு அது என்கிறார். பழைய உருவப்படங்களின் அமைதிக்கு மாறாக இக்கால முகங்களில் வேட்கையும் எதிர்பார்ப்பும் உண்டு என்னும் கருத்தை முன்வைத்து, துயரத்தோடு மென்மையும் அறிவுத்தெளிவும் கலந்திருப்பதை வலியுறுத்துகிறார். கோகனுக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதத்தில், தம் காலத்தின் மனமுடைந்த தோற்றம் இப்படத்தில் உள்ளது என்று குறிப்பிட்டு, கோகனின் ‘ஒலிவத் தோட்டத்தில் கிறிஸ்து’ என்னும் படத்தோடு அதனை இணைக்கிறார்.

இவ்விணைப்பே திறவுகோல். 1889 நவம்பரில் இதே கோகனின் ஒலிவத் தோட்டப் படத்தையும் எமில் பெர்னாரின் விவிலியப் படங்களையும் வான்கோ ஏற்கவில்லை. வேதனையை உணர்த்த வரலாற்றுக் கெத்செமனேயை நேரடியாக வரையத் தேவையில்லை என்பது அப்போது பெர்னாருக்கு அவர் எழுதியதன் கருத்து. ஏழு மாதங்களுக்குப் பின் அவர் வரைந்த காஷேயின் படம் அவ்வாதத்துக்குச் செயல்வடிவம் தருகிறது. ஒலிவத் தோட்டத்தின் வேதனை இங்கு உண்டு, கிறிஸ்து இல்லை. தோட்ட மேசை உண்டு. விவிலியத்தின் இடத்தில் மஞ்சள் புதினங்கள். வானவன் நீட்டும் கிண்ணத்தின் இடத்தில் நஞ்சும் மருந்துமான மலர் என்று கொள்ள முடியுமெனினும், இக்கடைசி ஒப்புமை வாசிப்பவரின் ஊகமேயன்றி ஓவியரின் கூற்றன்று.

இந்நோக்கில் பார்த்தால் படம் ஜூலை மாதத்தை எதிர்நோக்கவில்லை. கடந்த நவம்பர் விவாதத்துக்கு விடையளிக்கிறது.

பின்னறிவின் நிழல்

வான்கோ 1890 ஜூலை 27 அன்று தம்மைச் சுட்டுக்கொண்டு, 29 அன்று இறந்தார். இந்நிகழ்ச்சி படத்தின்மீது நிழலாகப் படிந்தது. காஷே தம்மைவிட நோயுற்றவர், அவரை நம்ப இயலாது என்று வான்கோ எழுதிய குறிப்பு இவ்வாசிப்புக்கு வலுவூட்டியது. முந்தைய பதிப்புகள் அக்கடிதத்தை ஜூலை மாதத்தைச் சேர்ந்ததாகக் கொண்டன. அதன்படி, நட்பில் தொடங்கி நம்பிக்கையிழப்பில் முடியும் ஒரு சோகக்கதை உருவாகி, படத்தின் துயரம் அக்கதையின் நடுப்பகுதியாகிவிடுகிறது. ஆனால் வான்கோ அருங்காட்சியகம் 2009இல் வெளியிட்ட முழுப்பதிப்பு அக்கடிதத்தை மே மாத இறுதிக்கு மாற்றியது. அதாவது, அது படத்துக்கு முந்தையது. ஐயத்தில் தொடங்கிய உறவு ஜூன் தொடக்கத்தில் உடன்பிறப்பு உணர்வாக மாறிய பின்னரே படம் உருவானது.

ஜூன் 8 அன்று தியோவும் மனைவி யோவும் கைக்குழந்தையுடன் ஓவேருக்கு வந்து காஷேயின் வீட்டில் விருந்துண்டனர். ஏறத்தாழ எழுபது நாள்களில் எழுபது ஓவியங்களை எட்டிய உழைப்பின் தொடக்கக் காலம் அது. ஒரு கடிதத்தின் தேதி மாறினால் ஒரு முகத்தின் பொருளும் மாறுகிறது என்பது கலை வரலாற்று ஆய்வாளர் மறக்கலாகாத உண்மை.

படத்தின் பிற்கால வாழ்வும் துயரத்தையே முன்னிறுத்தியது. 1897இல் 300 பிராங்குக்கு விற்கப்பட்ட முதற்படம், 1911இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் ஸ்டேடெல் அருங்காட்சியகத்தை அடைந்தது. 1937இல் நாஜி அரசு அதனைச் ‘சீரழிந்த கலை’ என்று பறிமுதல் செய்தது. ஹெர்மன் கோரிங் வழியாக அது வெளிநாட்டில் விற்கப்பட்டது. நாஜி ஒடுக்குமுறையிலிருந்து தப்பி அமெரிக்கா சென்ற கிராமார்ஸ்கி குடும்பத்தோடு நியூயார்க்கை அடைந்தது. 1990 மே 15 அன்று கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஜப்பானியத் தொழிலதிபர் ரியோயி சைட்டோ 8.25 கோடி டாலருக்கு அதனை வாங்கினார். அதற்குப் பின் அது பொதுப் பார்வைக்கு வரவில்லை.

ஆகவே இன்று இப்படத்தின் மனநிலையைப் பேசுவோர் அச்சுப்படிகளையும் திரைப் படிமங்களையும் கொண்டே பேசுகின்றனர். வான்கோ கையாண்ட சில சிவப்புச் சாயங்கள் ஒளியில் வெளிறும் தன்மையுடையவை. 1890இல் அவர் இளஞ்சிவப்பாகத் தீட்டிய ரோஜாக்கள் இன்று வெண்மையாய்த் தெரிகின்றன. நிறத்தைக் கொண்டு மனநிலையை அளப்பவர், நிறமும் காலத்தால் மாறும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். கண்முன் இல்லாத படத்துக்கு ஓவியரின் நிறக்குறிப்புகளே இன்று முதன்மைச் சான்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, காஷேயின் சாய்ந்த தலை ஒருவரின் தற்செயலான தோற்றமன்று. டியூரர், டெலக்ருவா வழிவந்த மரபுக் குறி. இரண்டாவது, மஞ்சள் நூல்கள் வான்கோவின் ஓவியங்களில் 1885 முதல் தொடரும் நவீன காலத்தின் அடையாளம். அவையே தனிமனிதத் துயரத்தைக் காலத்தின் துயரமாக விரிக்கின்றன. மூன்றாவது, படத்தை இறப்பின் முன்னறிவிப்பாகக் கொள்ளும் வாசிப்பு, பிற்காலத்தில் நிகழ்ந்ததை முற்காலத்தில் ஏற்றிக் காண்பது. கடிதங்களின் திருத்தப்பட்ட காலவரிசை அதற்கு இடம் தரவில்லை.

2019இல் ஸ்டேடெல் அருங்காட்சியகம் நடத்திய வான்கோ கண்காட்சியில், இப்படத்தின் வெற்றுச் சட்டகம் மட்டும் சுவரில் தொங்கவிடப்பட்டது. பார்ப்பவர் தாம் அறிந்த கதையை அந்த வெற்றிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். படம் இருந்த காலத்திலும் பலர் அதனையே செய்தனர். ஓவியர் எழுதியதையும் வரைந்ததையும் முதலில் வைத்து, நாம் அறிந்ததைக் கடைசியில் வைப்பதே உருவப்படத்தின் மனநிலையை வாசிக்கும் நேரிய வழி.